நாலாம் கணுவில் ஆராயி

ஏற்காட்டு மலையில் தலைச்சோலை ஊர்ச் செல்லப்பன் முப்பத்திரண்டு வருடம் மரம் ஏறினார். ஒரு மரத்திலிருந்தும் விழுந்ததில்லை. போன ஆவணியில் சேலத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன இடத்தில், மண்டபத்துக் குளியலறையில் விழுந்தார். டைல்ஸ் தரை, யாரோ விட்டுப்போன சோப்பு. அறுபதடி உயரத்தில் ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பீடி பற்ற வைக்கிறவர், தரையில் நின்றுகொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டார். வலது முழங்கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது.

மூன்று மாதம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், நடக்கலாம், சரிவில்கூட நடக்கலாம், ஆனால் மரம், ஏணி எதிலும் ஏறக்கூடாது என்று சொன்னார். அதையே ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். செல்லப்பன் தலையாட்டினார். திரும்பி வரும் பஸ் ஏழாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டிய பிறகு மனைவி ஆராயியிடம் கேட்டார்.

"ஏ புள்ள, ஏறவே கூடாதாமா, இல்ல இந்த வருசம் மட்டுமா?"

"அத அங்கயே அவருகிட்டக் கேக்கறது."

"கேக்கலாம்னுதான் இருந்தேன். அந்த ஆளு என்னையவே பாத்துட்டு இருந்தாரு."

"பின்ன செவுத்தையா பாப்பாரு?"

செல்லப்பன் வளைவுகளை எண்ணத் தொடங்கினார்.

பேசத் தெரியாதவர் என்று யாரும் அவரை நினைத்துவிட வேண்டாம். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்கள். தை மாதம் பறிப்பு. ஆண்கள் ஒற்றை மூங்கிலை மரத்தில் சாய்த்து, கணுவுக்குக் கணு வெட்டாமல் விட்டிருக்கும் கட்டைக் குச்சியில் கால் வைத்து ஏறிச் சரம் பறிப்பார்கள். பெண்கள் கீழே உதிர்ந்ததைப் பொறுக்குவார்கள். மரத்துக்கு ஓர் ஆள் என்று சரிவு முழுக்கச் சிதறிக் கிடப்பதால் அங்கே பேச்சு என்றாலே கத்துவதுதான். காட்டுமாடு எந்தப் பக்கம் இறங்குகிறது, யார் வீட்டில் என்ன குழம்பு, யார் மகனுக்கு எந்த ஊரில் பெண் பார்க்கிறார்கள், எல்லாம் மரத்திலிருந்து மரத்துக்கும் மரத்திலிருந்து தரைக்கும் போகும். அந்தப் பேச்சில் செல்லப்பனை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டு பங்காளிச் சண்டைகளை அவர் மரத்தில் இருந்தபடியே தீர்த்து வைத்திருக்கிறார்.

தரையில் இறங்கிவிட்டால் வேறு ஆள். எதிரே ஒரு முகம் வந்து நின்று, அதில் இரண்டு கண்ணும் இருந்துவிட்டால், அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ரேஷன் கடையில் கார்டை மட்டும் நீட்டுவார். ஒண்டிக்கடை முக்கில் அவர் டீ குடிக்கும் கடை ஒன்றே ஒன்றுதான். அந்தக் கடைக்காரருக்கு மட்டும்தான் சர்க்கரை கம்மி என்று சொல்லாமலே தெரியும். வீட்டில் ஆராயியிடம் பேசுவார். அதுவும் அடுப்பையோ கோழியையோ பார்த்துக்கொண்டுதான்.

கல்யாணமே அப்படித்தான் நடந்தது. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் ஒரு தை மாதம், நாற்பதடி உயரத்திலிருந்து, கீழே மிளகு பொறுக்கிக்கொண்டிருந்த ஆராயியிடம், "ஏ ஆராயி, என்னையக் கட்டிக்கிறியா?" என்று கேட்டார். சரிவு முழுக்கக் கேட்டது. ஆராயி நிமிராமலே, "கீழ எறங்கி வந்து கேளு," என்றார். செல்லப்பன் இறங்கி வந்து, எதிரே நின்று, கொஞ்ச நேரம் தம் கால் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறிப்போய்விட்டார். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்த ஆராயி, பெண் கேட்டு வரச் சொல்லித் தாமே ஆள் அனுப்பினார்.

இப்போது மரம் இல்லை என்றாகிவிட்டது.

எஸ்டேட் மேனேஜர் மெல்வினுக்கு முப்பத்து நாலு வயது, ஏற்காட்டிலேயே பிறந்தவர். மார்கழியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுலா வருபவர்களைத் தோட்டத்துக்குள் நடத்திக் காட்டுவது என்று ஓர் ஏற்பாடு செய்திருந்தார். செடி, பழம், பழம் உரிக்கும் மெஷின், காயப்போடும் களம், மிளகு, கடைசியில் பாறை மேல் உட்கார்ந்து ஒரு கப் காப்பி. முதல் மாதம் அவரே பேசினார். காப்பி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று நன்றாகச் சொன்னார். ஆனால் வந்தவர்கள் இந்த இலையில் ஏன் புள்ளி, இந்தக் காய் ஏன் ஓட்டை, காட்டுமாடு முட்டுமா, முட்டாதா என்று கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த ஆள் கட்டுப் பிரித்து வீட்டில் இருந்தார்.

மெல்வின் வீடு தேடி வந்தார்.

"செல்லப்பண்ணா, உங்களுக்கு ஒரு வேலை வெச்சிருக்கறேன். இதுக்கு முழங்காலே வேண்டாம். வாய் இருந்தாப் போதும்."

ஆறுதலாகத்தான் சொன்னார். செல்லப்பன் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

இன்னொரு வழியும் திறந்திருந்தது. ஆராயியின் தம்பி சந்திரசேகர் சேலத்தில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன்களுக்குச் சூப்பர்வைசர். கேட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. பொங்கல் கழித்துப் பதினைந்து நாள் வரைக்கும் பிடித்து வைப்பதாகச் சொன்னார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் ஆராயிக்கும் கேட்டது.

"பேச வேண்டியதே இல்ல மாமா. யார் வந்தாலும் நோட்டுல அவங்களே எழுதிக்குவாங்க. அவசரம்னா விசில் இருக்குது."

இதைவிட நல்ல வேலை உலகத்தில் இருக்க முடியாது என்று செல்லப்பனுக்குத் தோன்றியது.

"நீங்க போயி விசிலு ஊதிட்டுக் கெடங்க. நான் வரமாட்டேன்," என்றார் ஆராயி. "அந்த வெக்கையில எனக்கு ஒரு நாளு தாங்காது. இந்த அரை ஏக்கரு காப்பியும் கோழியும் யாரு பாக்கறது? அங்க ஒரு ராத்திரி தங்குனதுக்கே காலை ஒடச்சுட்டு வந்தீங்க."

அது உண்மைதான். ஆஸ்பத்திரியைச் சேர்க்காவிட்டால், செல்லப்பன் பிறந்து வளர்ந்ததில் மலைக்குக் கீழே தங்கியது அந்த ஒரே ராத்திரி. ஆராயி இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியாது. ஆக, ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்த பதினான்கு பேர் எதிரில் வாயைத் திறக்க வேண்டும்; இல்லாவிட்டால் மலையை விட்டு, ஆராயியை விட்டு, கேட்டில் நிற்க வேண்டும். சரி என்று மெல்வினிடம் தலையாட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை களத்தில் ஒத்திகை. மெல்வினும் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் தேவசிகாமணியும் சுற்றுலாக்காரர்களாக நின்றார்கள். தேவசிகாமணி அதற்கென்று கறுப்புக் கண்ணாடி போட்டு வந்திருந்தார். செல்லப்பன் ஒரு காப்பிக் கிளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். காய்ந்துகொண்டிருந்த பழத்தின் மேல் ஒரு குருவி வந்து உட்கார்ந்தது. அது தின்று முடித்துவிட்டுப் போனது. நாலு நிமிடம் ஆகியிருக்கும்.

"இது காப்பி," என்றார் செல்லப்பன்.

அவ்வளவுதான்.

"நொம்ப நல்லாருந்துச்சு செல்லப்பா," என்று தேவசிகாமணி கண்ணாடியைக் கழற்றினார். "மீதிய அடுத்த வருசம் வந்து கேட்டுக்கறோம்."

சனிக்கிழமை முழுக்கச் செல்லப்பன் தம் அரை ஏக்கரில் செடிகளுக்கு முன்னால் பேசிப் பார்த்தார். செடிகளிடம் தடங்கல் இல்லாமல் வந்தது.

"வர்றவங்களையும் செடின்னு நெனச்சுக்கங்க," என்றார் ஆராயி.

"செடி என்னையப் பாக்குதா?"

ஞாயிற்றுக்கிழமை காலை பதினான்கு பேர் வந்தார்கள். பெரும்பாலும் சேலம், ஈரோடு. ஒரு குடும்பம் பெங்களூரு. எல்லோருக்கும் கண் இருந்தது. களத்தில் மெல்வின் இரண்டு வார்த்தை பேசி, "மீதி எல்லாம் அண்ணன் சொல்லுவாரு," என்று ஒப்படைத்தார். செல்லப்பன் நடந்தார். அவர்கள் பின்னால் நடந்தார்கள். செடி வந்தது, செல்லப்பன் கையால் காட்டினார். பழம் வந்தது; அதையும் காட்டினார். மெஷினையும் காட்டினார். ஈரோட்டுக்காரர் ஒருவர் மெல்வினிடம் தணிந்த குரலில், "அவருக்குப் பேச்சு வராதுங்களா? பரவால்லீங்க, பாவம்," என்றார். மெல்வின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து வெறுமனே பார்த்தார்.

மிளகுச் சரிவுக்கு வந்தபோது, சனிக்கிழமை பறித்தவர்கள் விட்டுப்போன ஒற்றை மூங்கில் ஒரு மரத்தில் சாய்ந்திருந்தது. செல்லப்பன் அதைப் பார்த்தார். திரும்பிப் பதினான்கு பேரையும் பார்த்தார். செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு ஏறத் தொடங்கினார். முதல் கணு, இரண்டாவது கணு. மெல்வின், "அண்ணா, அண்ணா," என்றார். பத்தாவது கணுவில் நின்று, மரத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, செல்லப்பன் வாயைத் திறந்தார்.

நாற்பது நிமிடம் மூடவில்லை.

காப்பி பூப்பதிலிருந்து ஆரம்பித்தார். சித்திரை மழை ஒரு நாள் பெய்தால் பத்தாம் நாள் மலையே வெள்ளையாகிவிடும் என்றார். இலைப்புள்ளி, காய்த் துளைப்பான், காட்டுமாடு எல்லாம் சொன்னார். மரத்தில் நின்றால் கண்ணில் பட்டதை எல்லாம் சொல்லிவிடுகிற பழக்கம் என்பதால், "அந்தச் செவப்புச் சட்டைக்காரரே! பழத்த மட்டும் திருகோணும், கொத்தோட உருவக்கூடாது! இப்ப உருவுனீங்களே, அது அடுத்த வருசத்துக் காய்!" என்றார். எதிர்ச் சரிவில் மிளகு பொறுக்க வரும் மல்லிகா நடந்து போவது தெரிந்தது. "ஏனுங்க மல்லிகா, மாடு வேலி தாண்டி நிக்குது பாருங்க!" என்றார். பதினான்கு பேரும் அண்ணாந்து நின்றார்கள். பெங்களூருக் குடும்பம் வீடியோ எடுத்தது. வீட்டில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த ஆராயிக்கு முக்கால்வாசிப் பேச்சு அங்கிருந்தே கேட்டது. அவர் தீனித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

போகும்போது எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். ஒருவர் மட்டும் கழுத்து வலிக்கிறது என்றார்.

திங்கட்கிழமை காலையில் மெல்வின் மறுபடி வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

"அண்ணா, நொம்ப நல்லாப் பேசுனீங்க. அந்த வீடியோவ முதலாளி பாத்துட்டாரு. உங்க டாக்டர் சீட்டு ஆபீஸ் ஃபைல்ல இருக்குது. ஏணியில ஏத்துனா வேலைய விட்டுத் தூக்கிருவேங்கறாரு. உங்களைய இல்ல, என்னைய." போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "வர்ற ஞாயித்துக்கெழம தரையில நின்னு பேசுங்க. முடியலைன்னா சேலத்துல இருந்து ஒரு பையனக் கூட்டிட்டு வரச் சொல்லீருக்காரு. என்னால வேற ஒண்ணும் பண்ண முடியாதுங்கண்ணா."

செல்லப்பன் கோழியைப் பார்த்துக்கொண்டு, "ஆகட்டுங்க," என்றார்.

அன்று சாயங்காலம் சந்திரசேகர் போன் செய்தார். யூனிபார்முக்கு அளவு கேட்டார். செல்லப்பன் அளவைச் சொன்னார். ஆராயி மறுநாள் ஆபீசுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை பாறைக்குக் காப்பிக் கேனும் கப்பும் தூக்கி வரும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் பதினாறு பேர். மூடுபனி இல்லை. பனியாவது இருந்தால் முகம் தெரியாது என்று செல்லப்பன் நம்பியிருந்தார். களம், செடி, பழம், மெஷின்: எல்லாவற்றையும் கையால் காட்டினார். வீடியோ பார்த்துவிட்டு வந்த இரண்டு பேர், எப்போது ஏறுவார் என்று மெல்வினிடம் கேட்டார்கள். மெல்வினுக்கு அருகில் தேவசிகாமணி, விடுமுறை நாளையும் பொருட்படுத்தாமல் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

மிளகுச் சரிவில் மூங்கில் அதே மரத்தில் சாய்ந்திருந்தது. செல்லப்பன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பதினாறு பேர், அதாவது முப்பத்திரண்டு கண். அவர் ஒரு மிளகுச் சரத்தைப் பிடித்தார்.

"இது," என்றார்.

பிறகு ஒன்றும் வரவில்லை. ஒரு சின்னப் பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தது. தேவசிகாமணி இருமினார். வாட்ச்மேன் யூனிபார்ம் எந்த நிறமாக இருக்கும் என்று செல்லப்பன் யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

ஆராயி காப்பிக் கேனைத் தரையில் வைத்தார். சேலைக்கு மேல் போட்டிருந்த ஆண் சட்டையின் கையை முழங்கை வரை மடித்தார். முந்தானையைச் செருகினார். நேராகப் போய் மூங்கிலைப் பிடித்து முதல் கணுவில் கால் வைத்தார்.

அந்தச் சரிவில் பெண்கள் மூங்கில் ஏறியதில்லை. ஏறக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை, ஏறியதில்லை, அவ்வளவுதான். ஆராயிக்கு வீட்டு அட்டத்தில் இருந்து வெங்காயம் எடுக்க ஸ்டூல் போட்டாலே தலை சுற்றும். நாலாவது கணுவில் நின்று மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, உரக்கக் கத்தினார்.

"ஏனுங்க, எல்லாரும் கேட்டுக்கங்க! இது மொளகு மரமுங்க! இந்த மரத்துலதான் மொளகு காய்க்கும்! பழுத்தாக் கருப்பாயிரும், அப்பிடியே அள்ளி டப்பாவுல போட வேண்டீதுதான்!"

செல்லப்பன் திரும்பிப் பார்த்தார். இந்தச் சரிவில் முப்பத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு தப்பை அவர் கேட்டதில்லை.

"ஏ புள்ள!" என்று கத்தினார். "மரமா அது? மரம் வெறும் ஓக்கு! ஏறியிருக்கறது கொடி!"

"எல்லாம் ஒண்ணுதான்!"

"எப்பிடி ஒண்ணு? மரத்துக்கு வேரு தனி, கொடிக்கு வேரு தனி! ஒவ்வொரு கணுவுலயும் சின்ன வேரு உட்டுப் பட்டையப் புடிச்சிருக்குது, தெரியல? உம்பட மூக்குக்கு நேராத்தான் இருக்குது!"

"நான் கண்ணத் தொறக்கல!"

"பழுத்தாக் கருக்காது, செவக்கும்! பச்சையில பறிச்சு வெய்யில்ல போட்டாத்தான் கருக்கும்! நாலஞ்சு வெய்யிலு வேணும்! அள்ளி டப்பாவுல போட்டாப் பூசணம் புடிச்சுரும்!"

"அப்பறம் வெள்ளை மொளகு எங்க காய்க்குது? வேற மரமா?"

"அடக் கொடுமையே! அதுவும் இதே கொடிதான்! நல்லாப் பழுக்க உட்டு, ஊற வெச்சுத் தோல உரிச்சா வெள்ளை!"

இப்படியே போனது. ஆராயி மேலிருந்து ஒவ்வொன்றாகத் தப்பாகச் சொன்னார். செல்லப்பன் கீழே நின்று, தலையை அண்ணாந்து, கையை ஆட்டி ஒவ்வொன்றையும் திருத்தினார். பதினாறு பேரும் மேலும் கீழும் பார்த்தார்கள். சின்னப் பிள்ளை அம்மாவின் கையை விட்டுவிட்டு முன்னால் வந்து நின்றது. தேவசிகாமணி முதலில் சிரித்தார், பிறகு நிறுத்திக் கேட்கத் தொடங்கினார். அவருக்கும் வெள்ளை மிளகு சங்கதி இதுவரை தெரியாது.

பதினைந்து நிமிடம் கழித்து ஆராயியிடமிருந்து தப்புகள் வருவது நின்றது.

"ஏனுங்க," என்றார் ஆராயி. குரல் சின்னதாக இருந்தது.

"என்ன?"

"எறங்கத் தெரியல."

செல்லப்பன் மூங்கிலுக்குக் கிட்டே போனார். அவர் தலைக்கு மேல் கொஞ்ச உயரத்தில்தான் ஆராயியின் பாதம் இருந்தது. நடுங்கிக்கொண்டிருந்தது. இதற்குக் கத்தத் தேவையில்லை. கத்தினால் இன்னும் நடுங்கும்.

"கீழ எறங்கி வா புள்ள," என்றார் தணிந்த குரலில். "நான் சொல்றேன். மொதல்ல கண்ணத் தொற. கீழ பாக்காத, பட்டையப் பாரு. எடது காலக் கீழ எறக்கு. இன்னும். ஆ, அந்தக் குச்சிதான். அதுல ஊனு. இப்ப வலது." பக்கத்தில் நின்ற ஓர் ஆளைப் பார்த்து, "ஏனுங்க, அந்த மூங்கிலு அடியக் கொஞ்சம் புடிச்சுக்கங்க. அப்பிடி இல்லீங்க, பாதத்த அதுக்கு முட்டுக் குடுங்க," என்றார். சின்னப் பிள்ளையிடம், "கண்ணு, நீ அந்தப் பக்கமா போயி நில்லு சாமி," என்றார். மறுபடி மேலே, "இன்னும் ரெண்டுதான். அவ்வளவுதான். வந்துட்ட."

ஆராயி தரையில் கால் வைத்தார். மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக் காப்பிக் கேனைத் தேடினார். கூட்டம் கை தட்டியது. ஆராயி யாருக்குத் தட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

அப்போது கல்லூரியில் படிக்கும் வயசுப் பெண் ஒருத்தி செல்லப்பனுக்கு ஒரு முழத் தூரத்தில் வந்து நின்று, "கொடி மேல ஏறிட்டே போனா மரம் செத்துப் போகாதுங்களா?" என்று கேட்டாள்.

"சாகாதுங்க கண்ணு. இது மரத்துல சாறு உறிஞ்சறதில்ல, சும்மா புடிச்சுக்கறதுதான்," என்றார் செல்லப்பன். "உறிஞ்சறது வேற ஒண்ணு இருக்குது, புல்லுருவி. வாங்க, காட்டறேன்."

அவளை அழைத்துக்கொண்டு நடந்தார். மற்றவர்களும் போனார்கள். பத்தடி போன பிறகுதான் மெல்வினும் தேவசிகாமணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்லப்பனுக்கு அதுவும் தெரியாது. பாறைக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் பேசிக்கொண்டே போனார். அங்கே கப்பை வாங்கக் கை நீட்டியபோதுதான் தம்மைச் சுற்றிலும் முகங்களாக இருப்பதைக் கவனித்தார். ஒரு வாய் காப்பி குடித்தார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நடுவில் இரண்டு முறை நாக்கு ஒட்டியது. இரண்டு முறையும் ஆராயி நிற்கும் பக்கம் பார்த்து, அவருக்குச் சொல்வதைப் போல ஆரம்பித்தார்.

கூட்டம் கிளம்பிய பிறகு மெல்வின் ஆராயியிடம் வந்தார்.

"அக்கா, அடுத்த வாரமும் இதே மாதிரி ஏறுனீங்கன்னா நல்லா இருக்கும். அண்ணனுக்குத்தான் டாக்டர் சீட்டு. உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"திங்கக்கெழம போயி எனக்கும் ஒண்ணு எழுதி வாங்கிட்டு வந்தர்றேனுங்க," என்றார் ஆராயி.

வீட்டுக்குப் போகும் வழியில் செல்லப்பன் அவ்வப்போது முழங்காலைத் தேய்த்தபடி நடந்தார். தேவசிகாமணி வீடு தாண்டியதும் கேட்டார்.

"ஏ புள்ள, முப்பது வருசமா மொளகு பொறுக்கற. அது கொடின்னு உனக்குத் தெரியாதா?"

கோழியையோ பாதையையோ பார்க்காமல் ஆராயியின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? நான் கீழ பொறுக்கறவ," என்றார் ஆராயி. "மொதல்ல தம்பி சந்திரனுக்குப் போன் போட்டு, யூனிபார்முத் துணிய வெட்டிறப் போறான், அளவு வேண்டாம்னு சொல்லுங்க."